களத்துக் காம்ப்ளக்ஸ்

எங்கள் காம்ப்ளக்ஸின் நடுவே ஒரு நெல் களம் இருந்தது. ஏசி போட்ட மால்களில் ஏறி இறங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால், நான் ஏதோ கனவு கண்டுவிட்டுப் பேசுவதாக நினைக்கிறார்கள். சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் களம் இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் என் இளவயது போயிற்று.

தேரடிக்குக் கொஞ்சம் தள்ளி, திருவண்ணாமலையில் நான் பார்த்த முதல் ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் அது. எழுபதுகளின் நடுவில் கட்டினார்கள். கட்டியவர் அரிசி மில் முதலாளி. மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரே கட்டடத்துக்குள் வரிசையாகக் கடைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் அவர் அதுவரை கட்டியிருந்ததெல்லாம் மில்லும் குடோனும்தான். மேஸ்திரியை நிற்கவைத்து, முன்னால் ஒரு பெரிய கூடம், பின்னால் இரண்டு பக்கமும் அறைகள், நடுவே வெளி என்று காற்றிலேயே கையால் கோடு போட்டுக் காட்டினாராம். மேஸ்திரியும் மில் கட்டிப் பழகியவர். நடுவே இருந்த வெளிக்குச் சிமெண்டு பூசி, தண்ணீர் நிற்காமல் ஓட லேசாக வாட்டம் வைத்து, நெல் காயப்போடுகிற களமாகவே முடித்துக் கொடுத்துவிட்டார்.

"ஐயா, கடைங்களுக்கு நடுவுல களம் எதுக்குங்க?" என்று நானே ஒரு முறை மில்காரரைக் கேட்டிருக்கிறேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா கேக்கற? களம் இல்லாம எப்படிம்மா ஒரு கட்டடத்தைக் கட்டறது?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஊரும் அதைக் களத்துக் காம்ப்ளக்ஸ் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

முன்னால் இருந்த கூடம் முழுவதையும் ஒரு ஜவுளிக்கடை எடுத்துக்கொண்டது. அதை நாங்கள் பெரிய கடை என்போம். தெருவிலிருந்து வருகிறவர்கள் பெரிய கடைக்குள் நுழைந்து, அதன் நடுவே விட்டிருந்த வழியில் நடந்துதான் களத்துக்கு வரவேண்டும். வேறு வாசல் கிடையாது. மில்லுக்கு இரண்டு வாசல் வைத்தால் மூட்டை காணாமல் போகும் என்று மில்காரர் ஒரே வாசலோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே பெரிய கடைக்குக் கூட்டம் வந்தால், அதில் கொஞ்சம் கசிந்து எங்களுக்கும் வரும். அங்கே ஆள் இல்லாவிட்டால் களத்தில் குருவி மட்டும்தான். களத்தின் இரண்டு பக்கமும் வளையல் கடை, கெடிகாரம் ரிப்பேர், போட்டோ ஸ்டுடியோ, ஜூஸ் கடை என்று வரிசையாக இருந்தன. கடைசியில், மேற்கே பார்த்தபடி எங்கள் கடை. ஜாக்கெட் பிட் கடை. போர்டில் 'மேட்சிங் சென்டர்' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் நானும் என் கணவரும் அந்தக் கடையை எடுத்தோம். எங்கள் இரண்டு பேருக்குமே சொந்த ஊர் ஆரணிப் பக்கத்துக் கிராமங்கள். நாங்கள் தமிழ்ச் சமணர். ஊர்ப்பக்கம் எங்களை நயினார் வீடு என்பார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்து துணி விற்க வந்த முதல் ஆள் அவர்தான். அதனால் கடை தோற்றால் ஊருக்குத் திரும்பிப் போய் மாமனார் முகத்தில் விழிக்கவேண்டும் என்கிற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அவர் வெளியே சொல்லமாட்டார். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவுவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்துப் புடவையோடு ஜாக்கெட் சேர்ந்து வராது. தனியாகத்தான் எடுக்கவேண்டும். பெரிய கடையில் ஜாக்கெட் பிட் வைக்கவில்லை. புடவை பிடித்துப்போன பெண்கள், பில் போடுவதற்கு முன்னால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தைத் தாண்டி எங்களிடம் வருவார்கள். மேட்சிங் கிடைத்தால் திரும்பிப் போய்ப் பில் போடுவார்கள். கிடைக்காவிட்டால் புடவையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பில் போடாத புடவையை இப்படி வெளியே கொண்டுபோக விடுகிறீர்களே என்று யாரோ கேட்டதற்குப் பெரிய கடை முதலாளி, "ஒரே வாசல்தானே, எங்க போயிடப் போறாங்க? ஜாக்கெட் கிடைச்சாத்தான் எனக்குப் புடவை" என்றாராம். வெள்ளைச் சட்டை, வெற்றிலை போட்ட வாய், நல்ல மனுஷர். வியாபாரம் என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள்.

அப்படி வருகிற புடவையைக் கடைக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது. அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். டியூப்லைட் ஒரு பெரிய பொய்யன். அதன் அடியில் வாடாமல்லியும் கத்தரிப்பூவும் அக்கா தங்கையாக இருக்கும். வெளியே வந்தால் ஒன்றை ஒன்று முறைக்கும். ஆகவே நாலைந்து பிட்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டு நான் களத்தில் இறங்கிவிடுவேன். வெயிலில் புடவைத் தலைப்பைப் பிடித்து, மேலே ஒவ்வொரு பிட்டாக வைப்போம். சரியான நிறம் வந்து உட்கார்ந்ததும், பிட் எங்கே முடிகிறது புடவை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போய்விடும். அந்த நிமிஷத்தில் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள். பெருமூச்சு ஒன்று மட்டும் வரும். எனக்கு அதைக் கேட்பதற்காகவே கடைக்கு வரலாம் போலிருக்கும்.

கார்த்திகைக்கு முந்தின நாட்களில் களத்தைப் பார்க்கவேண்டும். ஒரே சமயத்தில் பத்துப் பெண்கள் நின்று புடவையை விரித்துப் பிடித்திருப்பார்கள். மயில் கழுத்து, அரக்கு, மாந்துளிர், மூக்குப்பொடிக் கலர், கனகாம்பரம். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக எழும்பும். ஒருத்தி புடவையின் நிழல் அடுத்தவள் முகத்தில் விழுந்து அவள் கன்னம் பச்சையாகிப் போகும். நான் அதன் நடுவே கையில் பிட்டோடு நின்று, என்ன எடுக்க வந்தேன் என்பதையே மறந்துவிடுவேன். எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் வந்ததே இல்லை, ஆனால் வெங்காயத் தோல் கலர் கேட்டு யாராவது வராமல் ஒரு நாளும் போகவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வளையல் கடைக்காரி என்னைக் கிண்டல் செய்வாள்.

வெயில் எங்களுக்கு இன்னொரு விதத்திலும் வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடமாட்டோம். சமணர் வீடுகளில் அது பிறந்ததிலிருந்து வரும் பழக்கம். ஊரில் என்றால் வயலிலிருந்து வந்ததும் சாப்பாடு. கடைக்காரர்களுக்கு அது நடக்குமா? மாலையில்தான் வியாபாரம். ஆகவே நான் மத்தியானமே சமைத்து டிபன் கேரியரில் எடுத்து வந்துவிடுவேன். களத்தில் வெயில் கிழக்குச் சுவரில் ஏறத் தொடங்கும்போது ஒருவர் சாப்பிடுவோம், ஒருவர் வியாபாரத்தைப் பார்ப்போம்.

இதில் எங்களுக்குள் தீராத ஒரு சண்டை உண்டு. எங்கள் வாசலில் நின்றால் பெரிய கடையின் மொட்டைமாடிக்கு மேலே மலையின் உச்சி தெரியும். சூரியன் அந்த உச்சிக்குப் பின்னால்தான் இறங்கும். சித்திரையில் வலது தோள் பக்கம், மார்கழியில் இடது தோள் பக்கம். இறங்கின பிறகும் வெகுநேரம் வெளிச்சம் இருக்கும். அவர் கணக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் போனதுதான். தட்டில் பாதிச் சாதம் இருந்தாலும் கையைக் கழுவிவிடுவார்.

"மலைக்கு அந்தப் பக்கம் செங்கம் ரோட்டுல இன்னும் வெயில் இருக்குதுங்க. அங்க இருக்கறவங்க சாப்பிட்டா தப்பில்லை, நாம சாப்பிட்டாத் தப்பா?" என்பேன்.

"நாம செங்கம் ரோட்டுலயா இருக்கறோம்?" என்பார்.

"பொழுது ஊருக்கெல்லாம் ஒண்ணுதானே?"

"உனக்குப் பசிச்சா நீ சாப்பிடு."

அவர் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? அதனால் மலை நிழல் களத்தில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே, அது வந்து சேருவதற்குள் அவசர அவசரமாக விழுங்குவேன். பிடிவாதத்துக்கு ஒரு பரிசு கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுக்கவேண்டும். ஆனால் அந்த நேரத்தை நான் ரொம்ப நேசித்தேன். வெயில் கால் விரலைத் தொட்டு, முட்டியைத் தொட்டு, தட்டைத் தொட்டு, பிறகு எங்களை விட்டுச் சுவரில் ஏறிப் போகும். தயிர்சாதம்கூட ஒரு நிமிஷம் பொன்னிறமாக இருக்கும். தீபத்தன்று களத்தில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களும் வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்ப்போம். உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு தோன்றியதும் ஊரே சத்தம் போடும். எங்கள் கோயில் வேறு ஊரில் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மலை எல்லாருக்கும் பொதுதானே.

எண்பது பிறந்து சில வருஷத்தில் பெரிய கடை இன்னும் பெரிதாக ஆசைப்பட்டது. ஊருக்குப் புதுசு புதுசாக லாட்ஜ் வந்தது, பஸ் வந்தது, வெளியூர் ஆட்கள் வந்தார்கள். புடவை அடுக்க இடம் போதவில்லை. ஒரு ஐப்பசியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. களத்தில் விரித்துப் பிடித்திருந்த புடவைகள் நனைந்தன. ஒரு பட்டுப்புடவையின் சிவப்பு இறங்கி இன்னொன்றின் கரையில் ஏறிவிட்டது. பெரிய கடை முதலாளி மில்காரரைக் கூப்பிட்டு, களத்துக்கு மேலே கூரை போடவேண்டும் என்றும், அங்கேயும் தானே கவுண்ட்டர் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். போடாவிட்டால் காலி செய்துவிடுவதாகவும் சொன்னார்.

மில்காரர் களத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாக் கடைக்காரர்களையும் கேட்டார். பெரிய கடை போய்விட்டால் நாமும் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று எல்லாரும் கூரைக்கே சம்மதம் சொன்னார்கள். என் கணவரும் தலையாட்டினார். மில்காரர் என்னைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"மூடுனா எனக்குக் கலர் தெரியாதுங்க ஐயா. மூடலைன்னா ஆளே வராது. நான் என்னத்தைச் சொல்றது?"

அவர் களத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறவர் மாதிரி ஒரு முகம். பொங்கலுக்குள் தகரம் போட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை தண்ணீருக்கு அடியில் நடந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். காலையில் வந்தால் டியூப்லைட், மாலையில் போனால் டியூப்லைட். எந்த மாசம், எந்த நேரம் என்று எதுவும் தெரியாது. முன்பு களமாக இருந்த இடத்தில் மெத்தை விரித்துப் புடவைகளை மலையாகக் குவித்திருந்தார்கள். பெண்கள் எங்களிடம் வந்து பிட்டை வாங்கிப் போவார்கள், மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "அக்கா, நேத்து இது ஒண்ணா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா இது வேற, அது வேற." நானும் மாற்றிக் கொடுப்பேன். மாற்றிக் கொடுத்ததும் பொருந்தாது. தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றால் பெரிய கடைக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய்வரவேண்டும். அதற்குள் வந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

சாப்பாட்டு விஷயம் அதைவிட மோசம். ஒரு நாள் அவர் கேரியரைத் திறந்து வைத்திருந்தார். பிட் வாங்க வந்த பெண், "தெருவுல லைட்டெல்லாம் போட்டுட்டாங்க, சீக்கிரம் கொடுங்கக்கா" என்றாள். அவர் கேரியரை மூடினார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். மறுவாரமும் அப்படி ஆயிற்று. அவர் ஒரு கெடிகாரம் வாங்கி மாட்டினார். ஆனால் சூரியன் கெடிகாரத்தைப் பார்த்து இறங்குகிறதா? மார்கழியில் ஒரு நேரம், சித்திரையில் ஒரு நேரம். பிறகு அவரே பெரிய கடை வழியாகத் தெருவுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினார். போகும்போது பொழுது இருக்கும். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வரும்போது இருக்காது. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அந்த வருஷத் தீபத்தன்று நாங்கள் கடைக்குள்தான் இருந்தோம். ஊர் சத்தம் போட்டது. தகரத்துக்கு மேலே எங்கேயோ கேட்டது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையிலிருந்த பிட்டை மடித்து வைத்துவிட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் பெரிய கடை நிலைக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொந்தமாக இடம் வாங்கி, மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே மாடிக்கு மாடி வெளிச்சம். முதலாளி ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க. மேட்சிங் செக்‌ஷனே தனியா வெச்சிருக்கேன். பார்த்துக்கங்க. மாசம் பொறந்தா சம்பளம். இங்க உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கவேணாம்."

என் கணவரின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் அவர் சுமந்துகொண்டிருந்த பயத்தை யாரோ வந்து இறக்கி வைக்கிற மாதிரி இருந்திருக்கும். மறுநாளே இரண்டு பேரும் புதுக் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். முதலாளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டாவது மாடியில் சுவர் முழுக்க ரேக். அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அதில் பிட்டை அடுக்கிப் பார்க்க எனக்கே கை பரபரத்தது.

"ஜன்னல் எங்கங்க?" என்றேன்.

"ஜன்னல் வெச்சா ரேக் எங்கம்மா வெக்கறது?" என்றார் முதலாளி.

"கலர் பாக்கணுமே."

"இங்க பாரு, எவ்ளோ லைட்டு! பகல் மாதிரி இருக்குது. இதுக்கு மேல இன்னா வெளிச்சம் வேணும் உனக்கு?"

நான் மேலே பார்த்தேன். கணக்கில்லாத டியூப்லைட்டுகள். என் கையையே பார்த்தேன். அது என் கை நிறத்தில் இல்லை. சாயங்காலம் நாங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, எதை வைத்துப் பொழுதைத் தெரிந்துகொள்வது என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு ஆளுக்காகக் கடையை நிறுத்தி வைப்பார்களா? படியிறங்கி வந்ததும் தெருவில் நின்று, "நான் வரலைங்க" என்றேன்.

"ஏன்?"

"அங்க வேலை செய்யறதுன்னா நான் தினமும் பொய் சொல்லணும். 'மேட்சாயிடுச்சும்மா, எடுத்துக்கோ'ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். என்னால ஆகாது."

"அப்ப நம்ம கடையில மட்டும் என்ன வாழுதாம்? அங்கயும் தகரம்தானே?"

அவர் முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார். அதன்பிறகு பல நாள் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. கடை திறப்போம், துடைப்போம், உட்கார்ந்திருப்போம். கடை மூழ்கினால் அது என்னால்தான் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய கடை காலி செய்துகொண்டு போனது. முன்கூடம் வெறிச்சோடியது. ரேக்குகளைக் கழற்றிய இடத்தில் சுவரில் பழைய சுண்ணாம்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் அந்தக் கூடத்தைத் தாண்டி வரும்போது, எதிரே வேறு யாரோ ஒரு பெண் கேரியரும் கையுமாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். கிட்டே போனால் நான்தான். ஜூஸ் கடை போயிற்று. போட்டோ ஸ்டுடியோ போயிற்று. வளையல் கடைக்காரி போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "வெங்காயத் தோல் கலரைப் பாத்தா உன்னை நெனச்சுக்கறேன்டி" என்று அழுதாள். கடைசியில் களத்தைச் சுற்றி எங்கள் கடையும் கெடிகாரக் கடையும்தான் மிஞ்சின.

ஒரு நாள் மில்காரர் வந்தார். ஆள் இளைத்திருந்தார். காலி அறைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் கடைப் படியில் உட்கார்ந்தார். "எல்லாரும் பூட்டாங்களாம்மா?" என்றார். அவருக்கும் தெரிந்ததுதான். கேட்காமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"அந்தத் தகரத்தை எடுத்துடுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "எடுத்தா மழை வரும்மா."

"வந்தா வரட்டுங்க. நனையறதுக்கு இங்க யார் இருக்காங்க?"

என் கணவர் கடைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மில்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தார். "களம் இல்லாத கட்டடம் கட்டடமே இல்லைன்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான்?" என்று எழுந்தார்.

அந்த வாரமே மில்லிலிருந்து ஆட்கள் வந்து தகரத்தைக் கழற்றினார்கள். ஒவ்வொரு தகடாக எடுக்க எடுக்க, தரையில் ஒவ்வொரு பட்டையாக வெயில் விழுந்தது. தூசி எல்லாம் மினுமினுத்துக்கொண்டு மேலே போயிற்று. கடைசித் தகடு போனதும் மலை உச்சி வந்து நின்றது. எங்கும் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறது. எனக்கு யாரோ தாய்வீட்டு மனுஷர் வந்து நின்ற மாதிரி இருந்தது. என் கணவர் வெளியே வந்து களத்தில் நின்றார். கையை வெயிலில் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெயில் வந்ததே தவிர ஆட்கள் வரவில்லை. நாள்கள் போயின. தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவுதான். இந்த மாசத்தோடு பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று அவர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? என் பிடிவாதத்துக்கு நான் கொடுத்த அவகாசமும் தீர்ந்துபோயிருந்தது.

அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ, சாயங்காலம். வெயில் கிழக்குச் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் கேரியரைத் திறந்து, தட்டைத் துடைத்து வைத்தார். அப்போது முன்கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. காலிக் கூடத்தில் ஒரு ஆள் நடந்தால் நாலு ஆள் நடப்பது போலக் கேட்கும். ஒரு பெண் இருட்டிலிருந்து களத்து வெளிச்சத்துக்கு வந்து நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கையில் பஸ் ஸ்டாண்டுப் பெரிய கடையின் பை.

"அக்கா, இங்க மேட்சிங் கடை இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா, வா."

அவள் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்தாள். ஆனந்தா நீலம். கூடவே ஒரு பிட்டையும் எடுத்தாள். "ரெண்டும் அங்கதான் எடுத்தேன். அங்க லைட்டுல ஒண்ணா இருந்துச்சுக்கா. வீட்டுக்குப் போய்ப் பாத்தா ஒண்ணு நீலம், ஒண்ணு ஊதா. நாளைக்குக் காலையில எங்க அண்ணன் பொண்ணுக்கு நிச்சயம். ராத்திரிக்குள்ள தெச்சாகணும். எங்க அக்கா சொன்னாங்க, களத்துல போய்ப் பாருடின்னு."

நான் மேற்கே பார்த்தேன். சூரியன் உச்சியைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அவர் தட்டில் இன்னும் ஒரு வாய் கூட வைக்கவில்லை. இவளுக்குப் பிட் தேட நீலத்தில் பத்துப் பதினைந்து எடுக்கவேண்டும், ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அவரை முதலில் சாப்பிடச் சொல்லலாமா, இவளை உட்காரச் சொல்லலாமா என்று ஒரு கணம் திகைத்து நின்றேன். அவளைக் காக்கவைத்தால் வெயில் போய்விடும். வெயில் போனால் அவள் போய்விடுவாள்.

அவர் எழுந்தார். நீல ரேக்கிலிருந்து ஒரு கட்டுப் பிட்டை அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ அவங்களைப் பாரு."

"சூரியன் போவுதுங்க. சாப்பிட்டுடுங்க" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பரவால்ல. செங்கம் ரோட்டுல இன்னும் வெயில் இருக்குது" என்றார்.

களத்தில் இறங்கிப் புடவையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை நான் பிடித்தேன். ஒவ்வொரு பிட்டாக அவர் எடுத்துக் கொடுத்தார். இது இல்லை, இதுவும் இல்லை, இது கொஞ்சம் ஜாஸ்தி, இது கம்மி. கடைசி வெயில் களத்தின் ஓரத்தில் ஒரு முழம் மிச்சம் இருந்தபோது, அதற்குள் புடவையை இழுத்துக்கொண்டு போய் ஒரு பிட்டை வைத்தேன். புடவை எது பிட் எது என்று தெரியாமல் போயிற்று. அந்தப் பெண் பேசவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எங்க அக்காவையும் நாளைக்குக் கூட்டியாறேன். அவங்களும் அங்கதான் ரெண்டு புடவை எடுத்துட்டு முழிச்சிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் காலிக் கூடத்தில் வெகுநேரம் கேட்டது.

சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. களம் முழுக்க நிழல். ஆனால் வானம் வெளுப்பாக இருந்தது, தரை இன்னும் சுட்டது. நான் கேரியரை மூடப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். களத்தின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தட்டிலும் இட்லியை வைத்தார். முதல் தட்டை என் பக்கம் தள்ளினார்.

கல்யாணமான நாளிலிருந்து மலை நிழலில் அவர் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாப்பிட்டார்.